சிறு படகில் கார்ப்பெட் ஒட்டிய பிளைவுட் தளம்: ஸ்க்ரூவா, ரிவிட்டா, பசையா?

சிறு படகுக்குள் பிளைவுட் தளம் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எதை வைத்துப் பிடித்தால் அசையாமல் நிற்கும் என்பதைத்தான். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. இந்தப் பலகையைத் திரும்பக் கழற்ற வேண்டி வருமா, வந்தால் எத்தனை தடவை என்பதுதான் முதல் கேள்வி. தளத்துக்குக் கீழேதான் வயர் போகிறது, பெட்ரோல் ஹோஸ் போகிறது, படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் இருக்கிறது, மிதவை ஃபோம் இருக்கிறது, அடித்தகட்டின் மூட்டுகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று என்றைக்காவது மக்கர் பண்ணும். அன்றைக்குப் பலகை பத்து நிமிடத்தில் கழன்று வருமா, உளியும் சுத்தியலும் கேட்குமா என்பது இன்று பொருத்தும் விதத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வலிமையைப் பற்றிய கவலை பாதிக்கு மேல் தேவையற்றது. தளத்தின் மேல் ஆள் நின்றால் எடை கீழே இறங்குகிறது. அதைத் தாங்குவது படகின் குறுக்குச் சட்டங்களும் நாம் போடும் அலுமினிய ஆங்கிள்களும்தான். ஸ்க்ரூவுக்கும் ரிவிட்டுக்கும் அதில் பங்கு குறைவு. பிடிமானத்தின் வேலை வேறு. பலகை பக்கவாட்டில் நகரக் கூடாது. ஒரு ஓரத்தில் கால் வைத்தால் மறு ஓரம் தூக்கக் கூடாது. அலை அடிக்கும்போது தடதடக்கக் கூடாது. டிரெய்லரில் வைத்து வேகமாக இழுத்துப் போகும்போது காற்று அடியில் புகுந்து பலகையைத் தூக்கிவிடக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. பின்னால் வரும் வண்டிக்காரருக்கு அது உயிர்ப் பிரச்சினை. இத்தனைக்கும் தேவைப்படும் பிடி அப்படியொன்றும் பெரிதல்ல, ஒழுங்காகச் செய்தால் எல்லா முறைகளும் அதைத் தந்துவிடும். துருப் பிடிக்குமா, தண்ணீரை உள்ளே விடுமா, கழற்ற வருமா, காலில் குத்துமா என்பவற்றில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

இங்கே நான் சொல்வது பெரும்பாலும் நாலைந்து மீட்டர் நீள அலுமினியப் படகுக்கு. ஃபைபர் படகுக்குக் கொஞ்சம் மாறும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

கார்ப்பெட் முதலா, ஸ்க்ரூ முதலா

பலகையை முதலில் சட்டத்தில் முடுக்கிவிட்டு அதன் மேல் கார்ப்பெட்டை ஒட்டலாம். தலை எதுவும் வெளியே தெரியாது. பல பலகைகளின் மேல் ஒரே விரிப்பாக ஓடுவதால் பார்க்கவும் அழகு. கம்பெனியிலிருந்து வரும் படகுகளிலேயே பல இப்படித்தான் இருக்கும். ஆனால் கீழே கை விட வேண்டுமென்றால் கார்ப்பெட்டைப் பிய்க்க வேண்டும். நல்ல பசையாக இருந்தால் பிளைவுட்டின் மேல்தோலும் அதோடு உரிந்து வரும்.

இன்னொரு வழி, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாகக் கார்ப்பெட் சுற்றி, ஓரத்தை 5 முதல் 8 செ.மீ. அடிப்பக்கம் மடித்து ஸ்டேப்பிள் அடித்து, அப்புறம் படகில் வைத்துப் பிடிப்பது. ஸ்க்ரூ தலைகள் மேலே தெரியும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். வெளியில் தெரியும் பத்துத் தலைகள் கண்ணுக்கு உறுத்தலாம். பம்ப் நின்றுபோன அன்று அந்தத் தலைகள் தெரிவதுதான் நிம்மதி.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சுற்றிய கார்ப்பெட் பலகையின் அளவைக் கூட்டிவிடும். எனவே வெட்டும்போதே ஒவ்வொரு ஓரத்திலும் கார்ப்பெட்டின் தடிமனையும் அதற்கு மேல் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளியையும் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பலகை உள்ளே இறங்காது, தட்டி இறக்கினால் பிறகு வெளியே வராது. அடுத்தது, அடியில் மடித்த பட்டை சட்டத்தின் மேல் படும் இடம். அங்கே ஓரம் மட்டும் உயர்ந்து நடுவில் சந்து விழும். ஸ்க்ரூவை முடுக்க முடுக்கப் பலகை வளையும். சட்டம் படுகிற இடங்களில் மடிப்பை வெட்டி எடுத்துவிட்டு, சட்டங்களின் மேல் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அந்த ரப்பர் கிறீச் சத்தத்தை நிறுத்தும். ஈர மரம் அலுமினியத்தின் மேல் நேராக உட்காராமலும் பார்த்துக்கொள்ளும். சாதாரண இரும்பு ஸ்டேப்பிள் சீக்கிரமே துருவாக உதிர்ந்துவிடும். ஸ்டெயின்லெஸ் அல்லது மோனல் (நிக்கலும் செம்பும் கலந்த உலோகம்) ஸ்டேப்பிள்தான் நிற்கும். அடிப்பக்கம் முழுவதையும் கார்ப்பெட்டால் மூடுவது மட்டும் வேண்டாம். மேலே கார்ப்பெட் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மரம் காய்வதற்குக் கீழ்ப்பக்கமாவது திறந்திருக்க வேண்டும்.

பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதை விட்டுவிட்டுப் பிடிமானத்தைப் பேசினால் எல்லாம் வீண். அழுகாமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பிளைவுட்டை அலுமினியப் படகில் போடவே கூடாது. ஏசிக்யூ, காப்பர் அசோல் போன்ற மருந்துகளில் இருக்கும் செம்பு ஈரத்தில் கசிந்து அலுமினியத்தில் படிந்தால், தகட்டைக் குழி குழியாக அரிக்கும். மேலே கார்ப்பெட், கீழே இருட்டு. ஓட்டை விழுந்து தண்ணீர் வந்த பிறகுதான் தெரியும். மருந்தில்லாத மரைன் பிளைவுட், அல்லது தண்ணீர் தாங்கும் பசையால் செய்த வெளிப்புற பிளைவுட் வாங்கி, எபாக்ஸியால் (இரண்டைக் கலந்தால் இறுகும் பிசின்) எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களை, இரண்டு மூன்று கோட் பூசிக்கொள்வதே சரி. மரைன் பிளைவுட் என்றால் அழுகவே அழுகாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் சிறப்பு உள்ளே பொந்துகள் இல்லாததும் நல்ல பசையும்தான். பூசாமல் விட்டால் அதுவும் அழுகும். தடிமன், சட்டங்களின் இடைவெளி 40 செ.மீ. வரை என்றால் 12 மி.மீ. போதும். இடைவெளி அதைவிட அதிகமென்றால் பலகையைத் தடிமனாக்குவதைவிட நடுவில் இன்னொரு ஆங்கிள் போடுவதை நான் விரும்புவேன். எடை குறையும், ஸ்க்ரூ பிடிக்க இன்னொரு இடமும் கிடைக்கும்.

செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ

பெரும்பாலோர் போவது இதற்குத்தான். ஒரு டிரில், ஒரு பெட்டி ஸ்க்ரூ, வேலை முடிந்தது. விலை குறைவு, தனிக் கருவி வேண்டாம், மேலிருந்தே எல்லாம் செய்யலாம். இதன் பலவீனம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது. படகின் சட்டத் தகடு 2 அல்லது 3 மி.மீ. தடிமன்தான். அதில் ஸ்க்ரூவின் இரண்டு மரைகூட முழுதாகப் பிடிக்காது. முதல் தடவை நன்றாக இறுகும். மூன்று நாலு தடவை கழற்றி மாட்டினால் அலுமினியத்தில் வெட்டிய மரை தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது அதைவிடக் குறைவாகத் திறக்கும் பலகைக்கு இது நல்ல வழி. அடிக்கடி திறக்கும் பலகைக்கு இல்லை.

சரியாகப் போட்டால் ஆயுள் கூடும். 4.8 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2 மி.மீ. தகட்டில் ஏறக்குறைய 4 மி.மீ. துளை. பலகையில் மட்டும் 5.5 அல்லது 6 மி.மீ. துளை. இரண்டிலும் ஒரே அளவுத் துளை போடுவதுதான் பலர் செய்வது. அப்போது மரை பலகையையும் கவ்வும், தகட்டையும் கவ்வும்; இரண்டுக்கும் நடுவே சந்து அப்படியே நிற்கும், எவ்வளவு முடுக்கினாலும் பலகை சட்டத்தில் உட்காராது. பெரிய துளைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. அலுமினியம் சூட்டில் நீளும். 2 மீட்டர் நீளம் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1.4 மி.மீ. கூடும். பலகை அந்த அளவு நீளாது, அது ஈரத்துக்கு ஏற்ப வேறு கணக்கில் உப்பும், சுருங்கும். ஸ்க்ரூவைச் சுற்றி அரை மி.மீ. இடம் இருந்தால் இரண்டும் சண்டை போடாமல் அசைந்துகொள்ளும்.

தலை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கூம்புத் தலை ஸ்க்ரூவைக் கார்ப்பெட்டில் நேராகப் போடாதீர்கள். அது கார்ப்பெட்டைச் சுருட்டி உள்ளே இழுத்து, சுற்றிலும் மடிப்பு விழ வைக்கும். அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும் தலை, அல்லது கூம்புத் தலைக்குக் கீழே கிண்ணம் மாதிரி வரும் வாஷர், இரண்டில் ஒன்று. அகலத் தலை கார்ப்பெட்டை அமுக்கிப் பிடிப்பதால் துளையின் ஓரம் பிரியாது, வெறுங்காலில் மிதித்தாலும் குத்தாது, தூண்டில் நரம்பும் சிக்காது. தலையில் இருக்கும் வெட்டு சதுரமாகவோ நட்சத்திரமாகவோ இருந்தால் மணலும் அழுக்கும் அடைத்த பிறகும் கழற்ற வரும். பிளஸ் வெட்டு வழுக்கிவிடும்.

நீளத்தில் கவனம் தேவை. 12 மி.மீ. பலகை, அமுங்கிய கார்ப்பெட் 2 அல்லது 3 மி.மீ., தகடு, அதற்குக் கீழே சில மரை, 25 மி.மீ. ஸ்க்ரூ போதும். சின்னப் படகுகளில் சட்டத்தின் உயரமே சில செ.மீ.தான். அதற்குக் கீழே அடித்தகடு, அதற்கும் கீழே தண்ணீர். ஒவ்வொரு இடத்திலும் அளந்து பாருங்கள், டிரில் பிட்டில் தடுப்பு வளையம் மாட்டிக்கொள்ளுங்கள். அடித்தகட்டிலேயே நேராக ஸ்க்ரூ போடுவது என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

துளை போடாமலே தானாகத் துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேகமான வேலைதான். ஆனால் அவை பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு, அல்லது 410 வகை ஸ்டெயின்லெஸ். இரண்டும் ஈரக் கார்ப்பெட்டுக்குள் தாங்காது. தலையைச் சுற்றிக் காவிக் கறை படியும். நன்னீரில் ஓடும் படகுக்கு 304, உப்புத் தண்ணீருக்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒரு படகுக்குத் தேவைப்படுவது சில டஜன் ஸ்க்ரூதான்.

ரிவிட்

அலுமினிய ரிவிட்டுக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது: படகும் அலுமினியம், ரிவிட்டும் அலுமினியம், இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டு அரிக்கும் சண்டை இல்லை. தலை தட்டை, அதிர்வில் தானாகக் கழலாது. படகில் ஏற்கெனவே ரிவிட் அடித்திருப்பதால் பார்க்கவும் பொருந்திப்போகும்.

இருந்தாலும் கார்ப்பெட் போட்ட பலகைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ரிவிட் ஒரு தடவைதான் இறுகும். கார்ப்பெட் நாளாக நாளாக அமுங்கும் பொருள். அமுங்கிய பிறகு ரிவிட்டின் தலைக்குக் கீழே இடம் விழுகிறது, திரும்ப முடுக்க வழியில்லை. ரிவிட் தலை உட்காரும் இடத்தில் கார்ப்பெட்டை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் இது குறையும், ஆனால் அப்போது வெட்டிய ஓரம் தெரியும். கழற்றும்போது இன்னொரு வேதனை. தலையை டிரில்லால் குடைந்து எடுக்க வேண்டும்; பாதியில் ரிவிட்டும் பிட்டோடு சுற்றத் தொடங்கும், பிட் வழுக்கினால் கார்ப்பெட் போச்சு, அலுமினியச் சீவல் முழுக்கக் கார்ப்பெட்டுக்குள் இறங்கி வெறுங்காலுக்குக் காத்திருக்கும்.

எனவே ரிவிட்டுக்கு இரண்டு இடம் தரலாம். ஆங்கிளையும் தாங்கிகளையும் படகின் சட்டத்தோடு இணைப்பதற்கு, அதாவது உலோகத்தோடு உலோகத்துக்கு, இதைவிட நல்லது இல்லை. இன்னொன்று, திறக்கவே போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த சின்னப் பலகைத் துண்டுகள். அங்கே 4.8 மி.மீ. ரிவிட், அகலத் தலை, 25 மி.மீ. அளவு நீளம் வேண்டியிருக்கும். ரிவிட்டை இறுக்க இழுத்து ஒடிக்கும் உள் ஊசி இரும்பாக இல்லாமல் அலுமினியமாகவே இருக்கட்டும். ஒடிந்து உள்ளே நிற்கும் இரும்புத் துண்டு துருப் பிடித்துக் கறையை இறக்கும்.

ரிவிட் நட்டும் மெஷின் ஸ்க்ரூவும்

மெல்லிய தகட்டில் மரை நிற்காது என்ற சிக்கலுக்கு நேரான பதில் இது. சட்டத்தில் துளை போட்டு, உள்ளே மரை வெட்டிய சின்னக் குழாய் போன்ற நட்டை நுழைத்து, ரிவிட் மாதிரி இழுத்து இறுக்குகிறோம். அது தகட்டைக் கவ்விக்கொண்டு நிரந்தரமாக அங்கேயே நிற்கும். மேலிருந்து மெஷின் ஸ்க்ரூ போட்டு முடுக்கலாம், கழற்றலாம், மரை தேயாது. கழற்றும் பலகைக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இதுதான்.

எம்5 (5 மி.மீ. மரை) ரிவிட் நட்டுக்கு 7 மி.மீ. துளை வேண்டும், எம்6க்கு 9 மி.மீ. சின்னப் படகுச் சட்டத்தின் மேல்பட்டை ஒடுங்கலாக இருக்கும் என்பதால் எம்5ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது; தளத்துக்கு அது தாராளம். துளை அரை மி.மீ. பெரிதாகிவிட்டால் நட் பிடிக்காமல் சுற்றும், அப்புறம் ஸ்க்ரூவையும் கழற்ற முடியாது. இந்த முறையின் ஒரே கெட்ட கனவு அதுதான். புது பிட், மெதுவான வேகம், நட்டைப் போடுவதற்கு முன் துளையில் கொஞ்சம் எபாக்ஸி என்றால் அந்தப் பயம் இல்லை.

பலகையின் துளையும் நட்டும் நேராக வர ஒரு வழி உண்டு. பலகையைச் சரியான இடத்தில் வைத்து, 3 மி.மீ. பிட்டால் பலகையையும் சட்டத்தையும் ஒன்றாகத் துளைத்துவிடுங்கள். அப்புறம் பலகையை எடுத்து அதன் துளைகளை 6.5 அல்லது 7 மி.மீ. ஆக்குங்கள், சட்டத்தின் துளைகளைத் தனியாக 7 ஆக்கி நட்டைப் போடுங்கள். இதையெல்லாம் கார்ப்பெட் சுற்றுவதற்கு முன்பே, வெறும் பலகையில் செய்துவிட வேண்டும். நட்டின் கழுத்து தகட்டுக்கு மேல் கொஞ்சம் துருத்தும். சட்டத்தின் மேல் ரப்பர் பட்டை இருந்தால் அது அந்த உயரத்துக்குள் அடங்கிவிடும்.

நட் எந்த உலோகம் என்பதில் ஒரு இக்கட்டு இருக்கிறது. அலுமினிய நட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் உப்புத் தண்ணீரில் மரைக்குள் அரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் நட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு மெஷினால் வேகமாக முடுக்கினால் உராய்வில் இரண்டும் இறுகிப் பூட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மரையில் டெஃப்-ஜெல் போன்ற கிரீஸ் தடவி, கையால் முடுக்குவது.

இதற்குக் கருவி ஒன்று தனியாக வாங்க வேண்டும், ஸ்க்ரூவைவிட நேரமும் கூட ஆகும். படகு முழுவதற்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பலகை அடிக்கடி எழுந்து வருமோ அதற்கு மட்டும் செய்தால் போதும்.

போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்குவதைச் சிலர் இன்னும் விரும்புகிறார்கள். பிடி நிச்சயமாக அதிகம். ஆனால் சட்டத்துக்கு அடியில் ஸ்பேனர் நுழைய இடம் வேண்டும், மூடிய பெட்டி வடிவச் சட்டத்தில் அது முடியாது. இருக்கை, மோட்டார் தாங்கி மாதிரி உண்மையிலேயே இழுவை வரும் பொருட்களைத் தளத்தில் பொருத்தும்போது, அந்த இடங்களில் மட்டும் போல்ட்டும் அடியில் அகல வாஷரும் போடுங்கள். அங்கே வேறு எதுவும் பத்தாது.

பசை

பாலியூரித்தேன் சீலன்ட் வகைப் பசையால் பலகையைச் சட்டத்தில் ஒட்டிவிட்டால் துளையே இல்லை. துளை இல்லாத இடத்தில் தண்ணீர் நுழைவதில்லை, தலை தெரிவதில்லை, சத்தமும் வராது. கேட்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

3எம் 5200 போன்றவை நிரந்தரத்துக்கென்றே செய்யப்பட்டவை. அதில் ஒட்டிய பலகையை எடுப்பது என்றால் பலகையை உடைப்பது என்று பொருள். அலுமினியத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடைத் தேய்த்து, துடைத்து, உடனே ஒட்டாவிட்டால் பிடி பாதிதான். கீழே ஃபோம் நனைந்து கனத்துவிட்டதா என்று பார்க்க வேண்டிய நாள் எல்லாப் பழைய படகுக்கும் வரும். அன்றைக்கு ஒட்டிய தளம் பெரிய இடைஞ்சல். என் தீர்ப்பு கொஞ்சம் கடுமையானதுதான்: முழுப் பலகையையும் பசையால் மட்டும் பிடிக்க வேண்டாம். ஸ்க்ரூத் துளைக்குள் ஒரு துளி சீலன்ட் வைப்பது வேறு விஷயம். அதைக் கட்டாயம் செய்யுங்கள், மரத்துக்குள் தண்ணீர் இறங்கும் முதல் வாசல் அந்தத் துளைதான்.

அடியிலிருந்து பிடிப்பதும், பிடிக்காமல் விடுவதும்

முன்பக்கத்தில் உயர்த்திப் போடும் மேடைத் தளத்துக்குக் கீழே பெட்டி மாதிரி இடம் இருந்தால், அந்தப் பெட்டி வழியாகக் கை விட்டு ஆங்கிளுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி முடுக்கலாம். பலகையின் மேல்பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் டி நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும், அகலத் தலை உள்ள நட்) பதித்து, அதன் மேல் கார்ப்பெட் ஒட்டி, கீழிருந்து மெஷின் ஸ்க்ரூ போட்டால் மேலே ஒரு தலையும் இருக்காது, கழற்றவும் வரும். இரண்டு நன்மையும் சேர்ந்து கிடைக்கும் ஒரே ஏற்பாடு இது. கை எட்டாத இடத்தில் மட்டும் முயலாதீர்கள்.

எதுவும் போடாமல், சுற்றிலும் ஆங்கிள் விளிம்பு வைத்து அதற்குள் பலகையை இறக்கிவிடுவதும் உண்டு. மூடி போன்ற சின்னப் பலகைகளுக்கு இது பொருத்தம். ஆனால் ஒரு கொண்டியோ, திருப்பினால் மாட்டிக்கொள்ளும் கட்டையோ கட்டாயம் வேண்டும். படகில் தண்ணீர் நிறைந்தால் பிளைவுட் மிதந்து எழும். தடுமாறி நிற்கும் ஆளின் காலடியில் தளமே நகர்ந்துவிடும். வெல்க்ரோ காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும், மணலும் ஈரமும் ஏறிய பிறகு நம்ப முடியாது. அதைச் சத்தம் வராமல் இருக்க வைத்துக்கொள்ளலாம், பிடிமானம் என்று எண்ணக் கூடாது.

கார்ப்பெட்டில் துளை

டிரில் பிட்டைக் கார்ப்பெட்டின் மேலேயே வைத்து ஓட்டினால் நூல் பிட்டில் சுற்றிக்கொள்ளும். ஒரு நூல் மாட்டினால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் நீளமாக ஒரு கோடு உருவிக்கொண்டு வந்துவிடும். அதை மறைக்க வழி கிடையாது. எனவே பலகையில் துளைகளை முன்பே போட்டு, கார்ப்பெட் ஒட்டிய பிறகு துளை இருக்கும் இடத்தை அடியிலிருந்து ஊசியால் குத்திக் கண்டுபிடித்து, மேலிருந்து கூர்மையான பிளேடால் சின்னக் குறுக்குக் கீறல் போடுங்கள். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் வட்டமாக வெட்டும் பஞ்ச்.

சூடான சால்டரிங் அயர்ன் முனையால் உருக்கித் துளை போடுவதுதான் என் விருப்பம். படகுக் கார்ப்பெட் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரி சுமாரில் உருகிவிடும். உருகிய ஓரம் இறுகி, பிறகு நூல் பிரியவே பிரியாது. புகை வரும், அதனால் திறந்த வெளியில், பலகையைப் படகிலிருந்து வெளியே எடுத்து வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் டேங்க் இருக்கும் படகுக்குள் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இரண்டு உலோகம், ஒரு ஈரம்

ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ அலுமினியத்தில் இருந்தால் அரிப்பு வருமா? வரும், அரிக்கப்படுவது ஸ்க்ரூ அல்ல, அலுமினியம். சின்ன ஸ்க்ரூ, பெரிய அலுமினியப் பரப்பு என்பதால் வேகம் குறைவு. நன்னீர்ப் படகில் பல வருடம் ஒன்றும் தெரியாமலே போகலாம். உப்புத் தண்ணீரில் கதை வேறு. ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், துளை பெரிதாகும், ஒரு நாள் ஸ்க்ரூ கையோடு வந்துவிடும். கார்ப்பெட் போட்ட தளத்தில் இது கூடுதல், ஏனென்றால் அந்த ஈரம் காய்வதே இல்லை. ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் இதில் ஒரு ஆபத்து உண்டு. காற்றுப் படாத ஈர மரத்துக்குள் அதன் பாதுகாப்புப் படலம் புதுப்பிக்க முடியாமல் போய், தலை பளபளவென்று இருக்க உள்ளே உடம்பு அரித்துப்போயிருக்கும். மரையில் டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சு, சட்டத்தின் மேல் ரப்பர், பலகைத் துளையின் உட்சுவரில் எபாக்ஸி என்ற மூன்றும் சேர்ந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும். கடலில் ஓட்டுபவர்கள், ஒவ்வொரு முறை கரையேறியதும் நன்னீரால் கார்ப்பெட்டைக் கழுவிக் காயவிட வேண்டும். எந்த ஸ்க்ரூவும் இதற்கு மாற்று ஆகாது.

ஃபைபர் படகில் உலோகச் சண்டை இல்லை, ஆனால் நீளவாக்கில் ஓடும் உத்தரங்களுக்குள் பெரும்பாலும் மரம் இருக்கும். அதில் போடும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் அந்த மரத்துக்குத் தண்ணீர் காட்டும் வழி. கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி கெட்டியாகக் கலந்து நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் ஸ்க்ரூவுக்குத் துளை போட்டால் மரம் வெளியே தெரியவே தெரியாது. வேலை இரட்டிப்புதான். உத்தரம் அழுகிய படகைச் சரிசெய்யும் வேலையை ஒரு தடவை அருகில் இருந்து பார்த்தவர்கள் இதற்குச் சலிக்க மாட்டார்கள்.

எந்தப் பலகைக்கு எது

ஒரே முறையைப் படகு முழுவதற்கும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பின்பக்கம் பம்ப், பேட்டரி, பெட்ரோல் ஹோஸ் இருக்கும் பகுதிக்கு ரிவிட் நட். நடுத்தளம் பெரிதாக, அதிகம் திறக்கப்படாமல் கிடக்கும்; அங்கே 316 அகலத் தலை ஸ்க்ரூ, ஓரங்களில் 25 செ.மீ.க்கு ஒன்று, நடுச் சட்டங்களில் 35 செ.மீ.க்கு ஒன்று. முன்மேடை, கை எட்டினால் அடியிலிருந்து, எட்டாவிட்டால் ஸ்க்ரூ. மூடிகளுக்குக் கீலும் கொண்டியும். பெரிய தளத்தை ஒரே பலகையாக வெட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, சேரும் இடம் சட்டத்தின் மேல் வரும்படி செய்தால், எந்த முறையாக இருந்தாலும் பாதி வேலை சுலபமாகிவிடும். பணமோ நேரமோ ஒன்றில்தான் கூடுதலாகப் போட முடியும் என்றால், கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது பின்பக்க ரிவிட் நட்டுகளைத்தான்.

பழைய தளத்தைப் பிரித்துப் புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே தேய்ந்த துளைகள் இருக்கும். அதே துளையில் ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போட ஆசை வரும். ஒரு தடவைக்கு அது வேலை செய்யும், அடுத்த தடவைக்கு அதுவும் தேயும். துளை வட்டமாக இருந்து 7 மி.மீ.க்குள் அடங்கினால் அதையே ரிவிட் நட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அதை அலுமினிய ரிவிட்டால் அடைத்துவிட்டு, 25 மி.மீ. தள்ளிப் புதிய துளை போடுங்கள். சட்டத்தின் மேல்பட்டையே அரித்து மெலிந்திருந்தால், அதன் பக்கவாட்டில் புது ஆங்கிளை ரிவிட் அடித்து, பலகையை அந்த ஆங்கிளில் பிடியுங்கள். பழைய சட்டத்தைத் திரும்பத் தொட வேண்டாம்.